செத்தவன் என்று எழுதிக் கொடுத்த மகனுக்கு

தெமியாங், சிரம்பான்
22-6-1952

சன்னாசிக்கு அம்மா பஞ்சாலை எழுதுவது. நானும் உன் தங்கச்சி லெட்சுமியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். இரண்டு வருஷம் கழித்து அந்த ஒரு வரியைப் படிக்க வைத்ததற்கு மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றிவிட்டேன். அதற்கு மேல் உன்னைக் கொஞ்ச எனக்கு மனசு வரவில்லை. எங்கப்பா என்னை மூணாவது வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு விட்டது நல்லதாய்ப் போயிற்று, இந்தக் கடிதத்தை இன்னொருத்தரைக் கூப்பிட்டு எழுதச் சொல்ல முடியாது.

உன் இரண்டு கடிதமும் வந்து சேர்ந்தன. முதல் கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று இரண்டாவதில் கோபப்பட்டிருக்கிறாய். முதல் கடிதத்தில் நீ என்ன எழுதினாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. சிங்கப்பூரில் துறைமுகக் கிட்டங்கியில் கிராணி வேலை கிடைத்துவிட்டது, ஆவணியில் கல்யாணம், பெண் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள், அம்மா என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் கேட்டபோது வாய் திறக்க முடியவில்லை, நீங்கள் விடியக்காலையில் ரோட்டோரக் கொட்டகையில் ஆம்பிளைகளோடு நின்று மூட்டை தூக்குவதாகக் கேள்விப்பட்டேன், எனக்கு அவமானமாக இருக்கிறது, உடனே அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று எழுதினாய். நான் உயிரோடு இருக்கிறேனா என்று ஒரு வரி கேட்கவில்லை. நீ கணக்கெழுதுகிற மூட்டைகளை யார் தூக்குகிறார்கள், அவர்களுக்கு அம்மா இல்லையா. சரி, நான் எப்படி அந்தக் கொட்டகைக்கு வந்தேன் என்பதை ஒருதரம் படித்துக்கொள். பிறகு அவமானம் யாருக்கு என்று யோசி.

நீ சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள் ராத்திரி காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் வந்து ரப்பர் காயப்போடுகிற புகைவீட்டைக் கொளுத்திவிட்டுப் போனார்கள், உனக்கே தெரியும். விடிந்து பெயர் கூப்பிட்டபோது நீ இல்லை. தோட்டத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைகூட இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும், போலீஸ் போடாதா. மத்தியானம் போலீஸ் மாத்தாக்கள் வந்து வீட்டைப் புரட்டினார்கள், சாமி படத்துக்குப் பின்னால்கூடத் தேடினார்கள், என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினோரு நாள் வைத்திருந்தார்கள். மகன் எங்கே, காட்டுக்கு எத்தனை தடவை அரிசி கொண்டுபோய்க் கொடுத்தாய், இது இரண்டும்தான் கேள்வி. எனக்குத் தெரியாது என்றால் மறுபடி முதலிலிருந்து கேட்பார்கள். உங்கப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோதும் நான் இப்படித்தான் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன், ஆனால் அவர் தன் காலால் போகவில்லை. நீ உன் காலால் போனவன். ரப்பர் பால் வெட்டப் பிடிக்கவில்லை, வேலை வாங்குகிற மண்டோரோடு ஒத்துப்போகவில்லை, அதனால் போனேன் என்று இப்போது எழுதுகிறாய். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அரிசிப் பானையில் போட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்கு அந்தப் பதினோரு நாள் இல்லை. கடிதம் போட்டால் எங்களுக்குத் தொந்தரவு வரும் என்று பயந்தாயாம். தொந்தரவு உன் கடிதத்துக்காகக் காத்திருக்கவில்லை.

என்னை விட்ட அன்றைக்கே தோட்டத்துத் துரை கிராணியை அனுப்பி, இரண்டு நாளில் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். முள்வேலி போட்டு வாசலில் காவல் வைத்திருக்கிற லயத்தில் சந்தேகப்பட்டவளை வைத்திருக்க முடியாது என்றாராம். இருபத்தாறு வருஷம் வெட்டின மரங்கள். நானும் லெட்சுமியும் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பானையுமாகத் தெமியாங்குக்கு வந்தோம். இங்கே வள்ளியம்மா என்று ஒரு பொம்பிளை, புருஷன் இல்லாதவள், தோசை சுட்டு விற்கிறவள், தன் வீட்டுப் பின்கட்டில் இடம் கொடுத்தாள். எங்களுக்கு அவள் உறவும் இல்லை, முறையும் இல்லை. அவள்தான் ஹாஜா மைதீன் முதலாளியின் பார்சல் கொட்டகையில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். ரயிலில் வருகிற பார்சல்களை விடியுமுன் ஊர் ஊராகப் பிரித்து, லுக்குட் பக்கம் ஒரு லாரி, நீலாய் பக்கம் ஒரு லாரி என்று ஏற்றி அனுப்புகிற இடம்.

வேலை கேட்டுப் போனேன். முதலாளி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இது பொம்பிளை வேலை இல்லைம்மா, போய்ச் சமையல் வேலை பாருங்கள் என்றார். நான் நகரவில்லை. ஓரத்தில் ஒரு கருவாட்டுக் கூடை இருந்தது, அதைத் தூக்கி லாரியில் வைத்துவிட்டு வந்து நின்றேன். தூக்க ஆள் நிறைய இருக்கிறார்கள் என்று சொன்னார். கூடை மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் தூக்கினேன் முதலாளி, அது லுக்குட் போகிற கூடை, நீலாய் லாரியில் ஏற்ற வைத்திருந்தார்கள், நான் லுக்குட் லாரியில்தான் வைத்தேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். அங்கே வேலை செய்கிற ஏழு பேரில் எழுத்துத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லையாம், யாராவது படித்துச் சொல்லச் சொல்ல ஏற்றுவார்களாம். வேலை உண்டு, ஆனால் நாலரை மணிக்கு இங்கே இருக்க வேண்டும், கர்பியூ நேரத்தில் ரோட்டில் நடக்கப் போலீஸ் பாஸ் வேண்டும், அதை நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்.

இந்த இடத்தை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மலாய்க்கார எழுத்தர் உட்கார்ந்து பாஸுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பினார். பெயர், அடையாளக் கார்டு நம்பர், புருஷன், பிள்ளைகள், ஒவ்வொருத்தரும் எங்கே இருக்கிறார்கள். லெட்சுமி பக்கத்தில் நின்றாள். ஆண்பிள்ளை உண்டா என்றார். உண்டு என்றால் எங்கே என்பார், தெரியாது என்றால் பழைய பைலை எடுப்பார், பைலை எடுத்தால் பாஸ் இல்லை, பாஸ் இல்லை என்றால் வேலை இல்லை, பதினாறு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் எந்த வாசலில் போய் நிற்பேன். மலாயில் மாத்தி என்று சொன்னேன். செத்துட்டான் என்று. எதனால் என்றார். காய்ச்சல் என்றேன். அவர் பேனாவை மைக்கூட்டில் தொட்டு எழுதினார், முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் குந்திவிட்டேன். லெட்சுமி முதுகைத் தடவிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், அண்ணன் செத்துப்போனது தெரிந்து சொன்னியா, பொய்யா சொன்னியாம்மா என்று கேட்டாள். நீ இருக்கிறாயா இல்லையா என்று எனக்கே தெரியாது, அதுதான் உண்மை. பெற்ற வாயால் பிள்ளையைச் சாகடித்துத்தான் அந்த வேலையை வாங்கினேன். உனக்கு அவமானம் என்கிறாயே, அந்த வேலை அது.

மறுநாள் போய் நின்றேன். முதல் வாரம் இரண்டு தோளும் பட்டை பட்டையாகத் தோல் உரிந்து, கையைத் தூக்கித் தலை வார முடியாமல் லெட்சுமிதான் வாரிவிட்டாள். பேப்பர்க்கட்டுகள், ரொட்டிப் பெட்டிகள், மருந்துப் பெட்டிகள், கருவாடு, சைக்கிள் சாமான்கள், யார் யாருக்கோ யார் யாரோ அனுப்புகிற சேலை வேட்டிகள். தின்கிற சாமானாக இருந்தால், காட்டுக்குப் போகாது என்று போலீஸ் கொடுத்த சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் லாரியை வழியில் மறித்து எல்லாவற்றையும் இறக்கச் சொல்வார்கள். கடைசியில் இறங்குகிற ஊர்ச் சாமான் முதலில் ஏற வேண்டும், உடைகிறது மேலே வர வேண்டும். ஒரு மாசத்தில் நான் நின்று சொல்ல மற்றவர்கள் ஏற்றினார்கள். ஆம்பிளைகளோடு நிற்கிறேன் என்று எழுதினாயே, அந்த ஆம்பிளைகள் என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள், நான் இருக்கும்போது வாயில் கெட்ட வார்த்தை வராது. ஒன்றரை வருஷமாக ஒரு பார்சல் ஊர் மாறிப் போகவில்லை.

லாரி டிரைவர் மாயாண்டியின் மச்சான் சிங்கப்பூரில் உன்னைப் பார்த்துப் பேசினதில்தான் உனக்கு என் விலாசம் கிடைத்தது. போன மாசம் முதலாளி உன் முதல் கடிதத்தை என் கையில் கொடுத்தார். உறையில் உன் பெயரைப் பார்த்ததும் ரொட்டிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். நலம் என்ற வரியைப் படிக்கிற வரைக்கும் நான் உனக்கு அம்மாவாகத்தான் இருந்தேன். அதற்கு அடுத்த வரிகளைப் படித்து முடித்து மடியில் செருகிக்கொண்டு, லாரிகள் போகிற வரைக்கும் வேலை பார்த்தேன். அன்றைக்கே முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள், யாருக்கும் தெரியாது, நானும் பார்க்கவில்லை என்றார். நல்ல மனுஷன், எனக்காகச் சொன்னார். ஆனால் எனக்கு அடுப்பில் போட முடியவில்லை. மறுபடியும் உன்னைச் சாகடிக்கிற மாதிரி இருந்தது, ஒரு தடவை போதும்.

இரண்டாவது கடிதத்தில், கிட்டங்கிக்கும் பெண் வீட்டுக்கும் போலீஸ் வந்து விசாரித்தது, மாமனார் முகத்தில் முழிக்க முடியவில்லை, யாரோ வேண்டாதவன் மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான், அவன் யார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். தெரியும். மொட்டைக் கடிதம் இல்லை, பெயரும் கையெழுத்தும் வைத்துச் சொன்னது. சொன்னவள் நான். மறுநாள் வேலை முடிந்ததும் நேராக ஸ்டேஷனுக்குப் போய், உன் கடிதத்தை மேசையில் வைத்து, என் மகன் சாகவில்லை, நான் பொய் சொல்லிப் பாஸ் வாங்கினேன், அவன் காட்டுக்கும் போகவில்லை, இந்த விலாசத்தில் இருக்கிறான், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு தமிழ் மாத்தாவைக் கூப்பிட்டு உன் கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். அம்மா மூட்டை தூக்குவது எனக்கு அவமானம் என்கிற இடம் வந்ததும் அந்தப் பையன் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். படி தம்பி, எழுதினவனுக்கே கூச்சம் இல்லை என்றேன். இன்ஸ்பெக்டர் கத்தினார், பொய் சொன்னதற்கு உள்ளே தள்ளலாம் என்றார், தள்ளவில்லை, பாஸைப் பிடுங்கிக்கொண்டார். நாற்பது நாள் பாஸ் இல்லாமல், கர்பியூ முடிந்த பிறகு போய்க் கொட்டகையைக் கூட்டி, கிழிந்த சாக்கு தைத்தேன். விடியக்காலைப் பார்சல்களை முதலாளி தானே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பிரித்தார். என் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை.

உன்னை விசாரித்துப் பதில் வந்து, முந்தாநாள் கூப்பிட்டார்கள். நீ போன நாளிலிருந்து துறைமுகத்தில் இருந்ததற்குச் சாட்சி இருக்கிறதாம், காட்டுக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லையாம். பாரத்தில் செத்தவன் என்று இருந்ததை அடித்துவிட்டுச் சிங்கப்பூரில் இருக்கிறான் என்று எழுதி எனக்குக் காட்டினார்கள். பாஸும் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு நாலரை மணிக்குப் போய் நின்றேன். உன் மாமனார் வீட்டில் தலை குனிந்தாய் என்றால் எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரு மத்தியானம் குனிந்தாய். நான் இரண்டு வருஷம் குனிந்தேன், உன் தங்கச்சிக்கு வந்த ஒரு சம்பந்தமும் அண்ணன் காட்டுக்காரன் என்று விட்டுப்போயிற்று, அதை நான் உனக்கு எழுதுவதாக இருக்கவில்லை, எழுதிவிட்டேன்.

கல்யாணத்துக்கு வரச் சொல்லியிருக்கிறாய், வரும்போது வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறாய். உன்னால் ஒரு பொய் சொல்லியாயிற்று, உன் சௌகரியத்துக்காக இன்னொன்று சொல்ல மாட்டேன். பெண் வீட்டாரிடம் நீயே உட்கார்ந்து, என் அம்மா தெமியாங்கில் பார்சல் கொட்டகையில் வேலை செய்கிறாள் என்று சொல். அதைக் கேட்ட பிறகும் அவர்கள் பெண் கொடுத்தால் அது நல்ல வீடு, அவர்கள் கையால் எனக்கு ஒரு வரி எழுதச் சொல், மூன்று நாள் லீவு கேட்டு லெட்சுமியோடு ரயில் ஏறுகிறேன். அந்த வரி வராவிட்டால் நான் வரவில்லை, நீ சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

அந்தப் பெண் நல்லபடியாக இருக்கட்டும், அவளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, பெற்றுவிட்டேன், கொடுக்காமல் இருக்க முடியாது. அவளிடமாவது எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டு வெளியே போ. கார்டை எப்போதும் சட்டைப்பையில் வைத்துக்கொள். வயிற்றுவலி வந்தால் ஓமத்தண்ணி குடி. இனிமேல் கடிதம் போட்டால் இரண்டாவது கடிதத்துக்குப் போட்ட மாதிரி வள்ளியம்மா வீட்டு விலாசம் வேண்டாம், உறை மேல் கீழே இருக்கிறபடி முழுசாகப் பெரிய எழுத்தில் எழுது, தபால்காரனும் உன் கிட்டங்கி ஆட்களும் படிக்கிற மாதிரி.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. பஞ்சாலை,
பார்சல் பிரிக்கும் வேலை,
ஹாஜா மைதீன் பார்சல் கொட்டகை,
தெமியாங், சிரம்பான்.