கோபன்ஹேகனில் விழுந்து கும்பிட்டவள்

டோர்செட் பார்க், ரொறன்ரோ
12.07.1987

அன்புள்ள கனகம்,

நான் சுகம். நீரும் உமது தங்கச்சி மனோரஞ்சிதம் குடும்பமும் சுகமாயிருக்க அம்மாளை வேண்டுகிறேன். இரண்டு கிழமை தங்கச்சியோடு நின்றுவிட்டு வாறன் என்று கோபன்ஹேகனில் நின்றீர். மாதம் ஒன்று தாண்டிவிட்டது. ரெலிபோன் எடுத்தாலும் அவள்தான் கதைக்கிறாள்.

நேற்று இங்கத்தைய நூதனசாலைக்குத் தனியே போனேன். நாங்கள் இருவரும் பயணத்தில் பார்த்துவந்தவற்றோடு ஒப்பிட்டால் இது சந்தை. ஒஸ்லோவில் அந்தப் பழைய கப்பல்களுக்கு முன்னால் சனம் கோயிலில் போல அடங்கி நின்றதே! ஸ்டொக்ஹோமில் கடலடியில் கிடந்த கப்பலையே தூக்கிவைத்துப் பிள்ளைபோலப் பார்க்கிறார்கள். அதுதான் பண்பாடு. நாங்களோ தேரையே மழையில் விட்டுவிட்டுப் போகிற சனம்.

மனுசி எங்கே என்று கேட்பவர்களுக்கு, தங்கச்சிக்கு வருத்தம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என்னில் ஏதும் கோபமா?

உமது
தங்கத்துரை

கோபன்ஹேகன்
25.07.1987

அன்பின் மச்சானுக்கு,

குத்துக்கல் போல நிற்கிற என் தங்கச்சியை நீங்க பாயில் படுக்கவைத்துவிட்டீங்க. அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

ஒஸ்லோ எழுதினீங்க, ஸ்டொக்ஹோம் எழுதினீங்க. இந்த ஊர் நூதனசாலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை நான் எழுதுறன்.

கடைசி அறையில் வெண்கல அம்மன் நின்றா. எங்கேயோ பூசை கண்டவ, பூவுமில்லாமல் விளக்குமில்லாமல். எனக்குப் பொறுக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டன். சனம் கூடிவிட்டுது. காவலாளி உங்களிடம் வந்து, இந்தப் பெண் உங்களோடு வந்தவவா என்று கேட்டார். இல்லை, எனக்கு இவவைத் தெரியாது என்றீங்க. அவ்வளவு இங்கிலிஸ் எனக்கும் விளங்கும். நீங்க அடுத்த அறைக்குப் போய்விட்டீங்க. கைகொடுத்து எழுப்பிச் சப்பாத்தையும் எடுத்துத் தந்தது அந்தக் காவலாளிதான்.

வெட்கமாக இருக்கு மச்சான். கும்பிட்டதற்கு இல்லை.

கனகாம்பிகை

ரொறன்ரோ
09.08.1987

கனகம்,

உமக்குக் கேட்டிருக்காது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதை நினைக்கத்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது. அடுத்த அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. அந்தச் சனம் என்னையும் சேர்த்துப் பார்த்துவிடும் என்ற பயம். வேறு சாட்டு ஒன்றும் என்னிடம் இல்லை.

நேற்று பக்கத்து வீட்டு நவரட்ணம் அண்ணை வழமைபோலக் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

வாரும் என்று கேட்க எனக்கு முகமில்லை.

தங்கத்துரை

கோபன்ஹேகன்
24.08.1987

மச்சானுக்கு,

செப்ரெம்பர் ஐந்தாம் திகதி, சனிக்கிழமை பின்னேரம் வந்து இறங்குறன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். அது என் வீடும்தான், அதனால் வாறன்.

விமான நிலையத்தில் சனம் நிறைய நிற்கும். நான் சேலையும் பெரிய பொட்டுமாக, தங்கச்சி கட்டித் தருகிற மூட்டையையும் தூக்கிக்கொண்டு வருவன். யாருக்காக நிற்கிறீங்க என்று அங்கே ஒருவரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். கேட்காமலே, அவ்வளவு சனத்துக்கும் முன்னால், என் பேரைச் சொல்லி உரத்துக் கூப்பிடுங்க.

அதுவரைக்கும் நான் உங்க பக்கம் திரும்பமாட்டன்.

கனகாம்பிகை