ஜெசி எடுக்காமல் போன உடுப்பு

என் செல்ல ஜெசிந்தாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை உண்டா? இங்கே உண்டு. வாரத்தில் எனக்கு முடியவே முடியாத நாள் அதுதான்.

வவுனியாவில் நாம் இருந்த அதே அறையில்தான் இருக்கிறேன். உன் கட்டிலுக்குப் புளியங்குளத்திலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு மாதமாகிறது. அவளுக்கும் நம்முடைய ஆடைத் தொழிற்சாலையில்தான் வேலை, ஆனால் வேறு நேரம். நான் வரும்போது அவள் போவாள். தண்ணீர்த் தாங்கி நிறைந்துவிட்டதா என்பதைத் தவிர நாங்கள் வேறெதுவும் கதைத்ததில்லை.

ஒரு செய்தி சொல்லவேண்டும். அந்தக் கடைசி உடுப்பை எடுத்துவிட்டேன்.

உன் முதலாம் ஆண்டு நினைவு மலரில் போட ஒரு கடிதம் எழுதித் தரச்சொல்லி உன் அண்ணன் பிரான்சிலிருந்து கேட்டார். அவர் அனுப்பிய பழைய மடிக்கணினியில் நாம் என்ன செய்தோம் என்பது அவருக்கே தெரியாது. ஆகவே தெரியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அது ஒரு சுடுகிற விளையாட்டு. துப்பாக்கியோடு ஒரு பெண் கோட்டைக்குள் இறங்குவாள். அறைக்குள் கால் வைத்ததும் கதவு மூடிக்கொள்ளும், நாலா பக்கமிருந்தும் பேய்கள் பாயும். எல்லாவற்றையும் விழுத்தினால்தான் அடுத்த கதவு திறக்கும். செத்தால் மறுபடியும் முதலாம் அறை. சேர்த்த துப்பாக்கியும் சக்தியும் போய்விடும், அறைகளும் இடம் மாறிக் கிடக்கும். வென்றெடுத்த உடுப்புகள் மட்டும் அழியாது. அவற்றால் சண்டையில் ஒரு பலனும் இல்லை, வெறும் அழகு. நீ அந்த அழகுக்காகத்தான் விளையாடினாய்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மடிக்கணினியைக் கதிரையில் வைப்பாய். நாம் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து ஒன்றாகக் கோட்டைக்குள் இறங்குவோம். நான் மூலையில் ஒதுங்கி நின்று குறிபார்ப்பேன். நீ கத்துவாய்.

“எடியே, நிண்டா முடிஞ்சுது! ஓடு! ஓடிக்கொண்டு சுடு!”

நீ ஒரு இடத்தில் நிற்கமாட்டாய். பேயின் காலுக்கிடையால் வழுக்கிப் போய், எழும்பும்போதே முதுகில் சுடுவாய். குண்டு முடிந்தால் சுவரில் ஏறிப் பாய்கிற நேரத்துக்குள் நிரப்பிவிடுவாய். நான் விழுந்தால் எத்தனை பேய்கள் நின்றாலும் திரும்பி வந்து என்னைத் தூக்குவாய். “விட்டிட்டுப் போ, நீயாவது முடி” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? ஒருநாளும் நீ கேட்டதில்லை.

புது உடுப்பு கிடைத்ததும் அந்தப் பெண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். கிழமையில் ஆறு நாள் யாரோ போடுகிற சட்டைக்குக் கை பொருத்துகிறவள் அல்லவா நீ? ஒரு சிவப்புக் கோட்டைப் பார்த்துச் சொன்னாய்: “உதுக்குக் கை பொருத்தினவனைக் கொண்டுவந்து எங்கட லைனில ஒரு கிழமை இருத்தவேணும். தோள் எப்பிடி இழுத்துக்கொண்டு நிக்குது, பார்.” அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

நாற்பது உடுப்புகளில் முப்பத்தொன்பது திறந்துவிட்டாய். ஒன்று மட்டும் கறுப்பு நிழலாகப் பூட்டோடு நின்றது. தனியாக இறங்கி, ஒருதரம்கூட உயிர் ஏற்றிக்கொள்ளாமல் கடைசி அறைவரை போய் வெல்லவேண்டும்.

இதெல்லாம் ஹெட்போன் போட்டுத்தான். ஒருமுறை உன் அம்மா முல்லைத்தீவிலிருந்து கருவாடு கட்டிக்கொண்டு வந்தார். நீ ஹெட்போனைச் செருக மறந்துவிட்டாய். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “இந்தச் சத்தத்துக்குள்ளாலதானே உன்னை இழுத்துக்கொண்டு ஓடினனான். காசு குடுத்து வாங்கியே கேக்கிறியள்?” என்று கேட்டார். நீ மடிக்கணினியை மூடிவிட்டுக் கருவாட்டுப் பொதியை வாங்கினாய். 

பிறகு அந்த மாரிமழைக் காலம். வெள்ளிக்கிழமை உனக்குக் காய்ச்சல் தொடங்கியது. சனிக்கிழமை என் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பூவரசங்குளத்திலிருந்து வீட்டில் கூப்பிட்டார்கள். நீ தலையணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, “நீ போடி. காய்ச்சல்தானே. ஒரு குளிசை போட்டா நிண்டிடும். நீ வாறதுக்குள்ள கடைசி உடுப்பை எடுத்து வைக்கிறன்” என்றாய்.

நான் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜெசி. சுட்டது. கண்களும் சிவந்திருந்தன. எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஞாயிறு பின்னேரம் உனக்குத் தொலைபேசி எடுத்தேன், நீ பதில் தரவில்லை. விளையாட்டில் இருப்பாய் என்று நினைத்தேன். திங்கள் காலை ஊரிலிருந்து நேரே வேலைக்குப் போனபோதுதான், முதல்நாளே அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தெரிந்தது. டெங்கு என்றார்கள். நான் ஓடி வந்தபோது நீ கண் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மாவும் வந்தார். உன் கையைப் பிடித்தபடி நின்ற என்னைத்தான் முதலில் கண்டார். செவ்வாய்க்கிழமை நீ போய்விட்டாய்.

முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் கடற்கரையிலுள்ள உங்கள் வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அம்மா அலுமாரியிலிருந்து மடிக்கணினியை எடுத்து வந்தார்.

“அவள் இதுக்குள்ள என்னத்தைப் பாத்துக்கொண்டிருந்தவள் எண்டு ஒருக்காக் காட்டு பிள்ளை.”

சத்தத்தை நிறுத்திவிட்டு உடுப்புகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாக, ஆறுதலாகப் பார்த்தார்.

“இவ்வளவும் வாங்கினவளோ?”

“இல்லை அம்மா. விளையாடி எடுத்தது.”

அம்மா திரையைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு, “விளையாடிக் காட்டு. சத்தத்தையும் போடு” என்றார்.

“வேண்டாம் அம்மா.”

“போடு பிள்ளை. என்ர பிள்ளை கேட்டதுதானே.”

போட்டேன். முதல் வெடிக்கு அவர் கை கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. நான் மூன்றாம் அறையில் செத்தேன். அம்மா கையை எடுத்தார்.

“இது அந்தச் சத்தமில்லை,” என்றார். “அது நெஞ்சிலதான் முதல் இடிக்கும்.” பிறகு என் தலையைத் தடவினார். “கடைசி வரைக்கும் நீ அவளுக்குப் பக்கத்திலயே நிண்டனி. காய்ச்சல் தொடங்கின நாளிலயிருந்து அவள் தனிய இருக்கேல்லை. அது ஒண்டுதான் பிள்ளை எனக்கு ஆறுதல்.”

நான், “ஓம் அம்மா” என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு மடிக்கணினியை வாங்கிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தனியாக இறங்கினேன். எத்தனை தரம் செத்தேன் என்று எண்ணவில்லை. இப்போது மூலையில் ஒதுங்குவதில்லை, ஓடிக்கொண்டுதான் சுடுகிறேன். விழுந்தால் தூக்க ஆளில்லை என்பதைக் கை தானாகவே படித்துவிட்டது.

போன ஞாயிறு மத்தியானம் கடைசி அறைக்கு வந்தேன். உயிர் ஒரு கோடுதான் மிச்சம். அங்கே நின்ற பெரிய பேய் இரண்டாய்ப் பிரிந்தபோது நான் இரண்டுக்கும் நடுவால் வழுக்கி வந்து சுட்டேன். அது விழுந்தது. பூட்டும் திறந்தது.

சாம்பல் நிற அங்கி, ஜெசி. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணி, எங்கேயும் தையலே இல்லை. “இதை எப்பிடி வெட்டியிருப்பாங்கள்?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த, உன் கட்டிலுக்கு வந்த பெண் திரும்பி, “என்னக்கா?” என்றாள். “ஒண்டுமில்லை” என்றேன். அவள் போய்விட்டாள். நான் மாலைவரை அந்த அங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

உனக்காக அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறேன் போல. நீ கேட்டது உடுப்பையா? என்னைப் “போ” என்றபோது, நான் போகமாட்டேன் என்று சொல்லுவதைக் கேட்கக் காத்திருந்தாயா?

இந்த மலர் அச்சானதும் அம்மாவும் வாசிப்பார். அவர் அதைத் தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் கடிதத்தை இன்னும் உன் அண்ணனுக்கு அனுப்பவில்லை. வருகிற ஞாயிறு காலைப் பஸ்ஸில் முல்லைத்தீவுக்கு வருகிறேன். அம்மாவுக்கு முன்னால் இருந்து, காய்ச்சலோடு உன்னைத் தனியே விட்டுவிட்டுப் போனேன் என்று என் வாயால் சொல்லுவேன். அவர் ஏசினாலும் இருந்து கேட்பேன். இனி வராதே என்றால் அதையும் கேட்பேன். அதற்குப் பிறகுதான் இது அச்சுக்குப் போகும். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் அம்மா இந்த ஞாயிறு வரைக்குமாவது ‘பிள்ளை’ என்று கூப்பிடுகிற,
உன் வசந்தி