தரையின் வாட்டம்

நல்லம்பள்ளி,
14.10.2025

அன்புள்ள தம்பி பூவரசனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான், எழுத விட்டால்தானே நீ! ஹைதராபாத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். கூரியரில் அனுப்புகிறேன், நாளை மறுநாள் கிடைத்துவிடும்.

உன் வக்கீல் நோட்டீஸ் போன செவ்வாய் வந்தது. எங்கள் மாங்கூழ் ஆலையைக் கட்டிய வகையில் பாக்கி ஒரு கோடியே எட்டு லட்சமாம். பத்து நாளில் கட்ட வேண்டும், இல்லை தகராறு இருப்பதைக் காட்ட வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் கம்பெனியைத் திவால் தீர்ப்பாயத்துக்கு இழுப்பாயாம். அங்கே உன் மனுவை ஏற்றுக்கொண்டால் ஆலைச் சாவி முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விடுமாம். உன் மாமா நிலத்தை அடமானம் வைத்து எழுப்பிய ஆலையடா அது.

வேலை குறையில்லாமல் முடிந்தது என்பதற்கு ஒரு போட்டோ வேறு இணைத்திருக்கிறாய். தை மாதம் ஆலைப் பூசையன்று மாமா உனக்கு வேட்டி, துண்டு, மோதிரம் வைத்துக் கொடுத்த படம். அடேய், அது காண்ட்ராக்டருக்குக் கொடுத்ததா? கூடப் பிறந்தவனைச் சபையில் வெறுங்கையோடு உட்கார வைப்பேனா?

தரை வடிகால் பக்கம் சரிந்து வாட்டமாக இருக்க வேண்டும். நீ போட்ட தரையில் கழுவுகிற தண்ணீர் எல்லாம் கூழ் நிரப்பும் அறைக்குள் போய்த் தேங்குகிறது. வெளிநாட்டு ஆர்டருக்காக ஆய்வுக்கு வந்தவர் ஷூவை நனைத்துக்கொண்டு திரும்பிப் போனார். ஒரு மாங்காய் சீசனே போய்விட்டது.

அப்போதே மாமா குறைகளை எல்லாம் எழுதி உனக்குப் பதிவுத் தபாலில் அனுப்பக் கிளம்பினார். நான்தான் கெடுத்தேன். "ஏனுங்க, கூடப் பொறந்தவனுக்கு யாராச்சும் ரிஜிஸ்டர் தபால் அனுப்புவாங்களா? ஊரு சிரிக்காதுங்களா?" என்று கவரைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அது போயிருந்தால் உன் நோட்டீஸ் நிற்கவே நிற்காதாம். எங்கள் வக்கீல் அமுதவல்லி தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வாரமாக மாமா என்னோடு பேசுவதில்லை.

இப்போது கையில் இருப்பது சித்திரையில் நான் வாட்ஸப்பில் உனக்குப் பேசி அனுப்பியது ஒன்றுதான். தரையைப் பற்றி நாலு நிமிடம் திட்டியிருக்கிறேன். நோட்டீஸுக்கு முன்பே தகராறு இருந்தது என்று காட்ட அது போதுமாம். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் முழுவதும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கடைசியில், "பிரஷர் மாத்திரய உடாம சாப்புடு சாமி" என்று முடித்திருக்கிறேன். அதையும் நீதிபதி படிப்பார். படிக்கட்டும், என் மானம்தானே.

வெள்ளிக்கிழமை எங்கள் பதில் போகிறது. அதற்குள் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள். ஆளோடு வந்து தரையைப் பெயர்த்துச் சரியாகப் போடு. உன் பணத்தை ஒரு பைசா குறையாமல் மாமாவிடம் வாங்கித் தருவது என் பொறுப்பு.

உனக்கு எதுவும் எழுதக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொன்னார். கேட்காமல் எழுதுகிறேன். இதையும் உன் கேஸில் சேர்ப்பதென்றால் சேர்த்துக்கொள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அக்கா எழுதியிருக்கிறாள். அதையும் அந்த நீதிபதி முன்னால் நீயே வாசித்துக் காட்டு.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா
நிர்மலாதேவி