பூக்கூடை பஸ்ஸின் வேகம்

அன்புக் காமாட்சி,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுகிறேன், எழுந்து போய் ஜன்னலைத் திறக்கிறேன், திரும்பி வந்து அந்த நாலு வரியையும் அடிக்கிறேன். துக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்கெல்லாம் நான் எளிதில் இடம் கொடுப்பதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் நம் பெண்கள் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு, பௌதிகம். ஆளுக்கொரு ஓடும் பொருளின் வேகத்தை அளந்து வரச் சொன்னார் டீச்சர். மற்றவர்கள் கோலிக்குண்டை உருட்டினார்கள், மாட்டுவண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். நீ மட்டும் கொடைரோட்டிலிருந்து உன்னை ஏற்றிவரும் பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தாய். விளையாட்டுக்கு அல்ல. "அந்த பஸ்ஸு பறக்குது. முப்பது மைலுக்கு மேல போகுதுன்னு தெரிஞ்சா, மறுநாளே நீ வீட்டுல கெட" என்று உன் அப்பா சொல்லியிருந்தார். பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று உன் வீட்டில் தங்கி, திங்கள் காலை உன்னோடு ஏறினேன். பஸ்ஸின் கூரைமேல் திண்டுக்கல் பூ ஏலத்துக்குப் போகும் மல்லிகைக் கூடைகள். அவற்றில் உன் அப்பாவின் தோட்டத்துக் கூடைகளும் உண்டு. உன் மடியில் டீச்சர் நம்பிக் கொடுத்த ஸ்டாப் கிளாக். ரோட்டோரக் கல்லைப் பார்த்து நான் "இப்ப" என்பேன், நீ அழுத்துவாய். "என்னம்மா, பஸ்ஸுக்கு நாடி பாக்குறீகளா?" என்றார் கண்டக்டர். கணக்குப் போட்டால் மணிக்கு முப்பத்தாறு மைல். மறைத்துவிடு என்றேன். "அளந்தது அளந்ததுதான்டி" என்று, அன்று மாலையே அப்பாவிடம் போய்ச் சொன்னாய். இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா?

அந்த வாரம் முழுக்க உன் இடம் காலி. சனிக்கிழமை தேடி வந்தபோது, நீ ரோட்டோரம் விடுவிடென்று நடந்துகொண்டிருந்தாய்.

"வாடி, வாடி! அடுத்த கல்லு சீக்கிரமா வந்துருதுடி!"

மைல் கணக்குப் போய்க் கிலோமீட்டர் வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பகுதியில் மட்டும் கற்களை மாற்றி நட்டிருந்தார்கள். நாமோ எண்ணை மட்டும் பார்த்து, பழைய பழக்கத்தில் அவற்றை மைல்கற்களாகவே கொண்டுவிட்டோம். திருத்திய கணக்கில் பஸ்ஸின் வேகம் இருபத்திரண்டு மைல்தான்.

தோட்டத்தில் கூடைக்குள் பூ அள்ளிக்கொண்டிருந்த அப்பா நம்பவில்லை. "அன்னைக்கு முப்பத்தாறு, இன்னைக்கு இருபத்திரண்டா? இதென்ன கத்திரிக்கா வெலையா?"

நீ குரலை உயர்த்தவில்லை. "சரிப்பா, நான் போகல. பூவையும் அந்த பஸ்ஸுல ஏத்தாதீங்க."

"பூ வாடிரும்டி!"

"கூரையில போற பூவுக்கும் கீழ உக்காந்திருக்குற எனக்கும் ஒரே வேகந்தான், ஒரே தெசதான். 'ஏலம் முடிஞ்சிரும், வெரட்டச் சொல்லுப்பா'ன்னு கண்டக்டர்ட்ட தெனமும் கத்துறது நீங்க. பூவுக்கு இல்லாத பயம் எனக்கு மட்டும் எதுக்கு?"

வேகத்தோடு திசையும் சேர்ந்தால் அது திசைவேகம் என்று டீச்சர் கரும்பலகையில் எழுதியதை நாங்கள் மனப்பாடம் செய்தோம். நீ அதை வைத்து வழக்காடினாய். பிற்பாடு பல்கலைக்கழகத்தில்கூட அதற்கு இத்தனை நல்ல விளக்கத்தை நான் கேட்கவில்லை.

அப்பா கூடைப் பூவைக் கிளறிவிட்டார். "வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. திங்கக்கெழம போய்த் தொல. முன்சீட்டுல உக்காராத."

நீ தேறினாய். நான் மேலே படிக்கப் போனேன், உனக்குக் கல்யாணம் வைத்தார்கள். அன்று ஏன் மறுபடி வழக்காடவில்லை? நான் கேட்டதில்லை, நீயாகவும் சொன்னதில்லை. இனி யாரைக் கேட்பது?

போன வாரம் உன் படத்திறப்பு. உன் தம்பி மைக்கைப் பிடித்து, "அந்தக் காலத்துலயே பொம்பளப் புள்ளைய மறுபேச்சில்லாம படிக்க வச்ச மனுசன் எங்கப்பா" என்றான். எல்லாரும் கைதட்டினார்கள். மறுபேச்சில்லாமலாம்! நான் எழுந்தேன். மைக்கை எட்டுவதற்குள் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். உன் அப்பாவுக்குக் கைதட்டியவர்கள் சாம்பாருக்குப் பறந்தார்கள்.

ஆகவே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். உன் தம்பி படிக்கட்டும். படிக்காவிட்டால் உன் வருஷத் திதிக்கு வந்து, எல்லார் முன்னிலையிலும் முதல் வரியிலிருந்து வாசிப்பேன். இலை போட்டாலும் நிறுத்த மாட்டேன்.

உன்னைவிட ஆறு மாதம் மூத்தவளாக இருந்தும், நீ ஒருநாளும் அக்கா என்று அழைக்காத
உன் அக்கா,
சரோஜா