எதிரில் நிற்க ஒருத்தி

பீர்க்கன்கரணை
11.2.1994

அன்புள்ள ஜெயசீலி அக்காவுக்கு,

கனகவல்லி எழுதுவது. இங்கே நானும் அவரும் மகள் ஜெயக்கொடியும் சுகம். நாசரேத்தில் உங்கள் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலம்தானே? உங்கள் வீட்டுக்காரர் ஏசுதாசன் அண்ணன் இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து யாரோடும் பேசாமல் வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தாரே, அந்த முகம் அடிக்கடி ஞாபகம் வருகிறது.

நீங்கள் ஊருக்குப் புறப்பட்ட அன்று உங்கள் மகள் யூனிஸ் வாள்வீச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்து, மாஸ்க்கோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுத் தனத்திடம் கொடுத்தனுப்பியிருந்தீர்கள். நேரில் வந்தால் நான் போக விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் நாக்பூரில் நடக்கிற வாள்வீச்சுப் போட்டிக்கு நம் இரண்டு பெண்களின் பெயரும் தமிழ்நாடு அணியில் அப்படியே இருக்கிறது. யூனிஸின் பெயரை எடுக்கக் கோச் தாவீது சாருக்கு மனம் வரவில்லை. ஆனால் ரயில் செலவு, தங்கும் செலவு, வாள், சட்டை எல்லாம் நம் பொறுப்பு என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் நானும் கொடியும் ஜனவரி முழுக்க அலைந்தோம். மெட்ராஸில் ஓர் ஆபீஸில் பட்ஜெட்டுக்குப் பிறகு வரச் சொன்னார்கள். தாம்பரத்தில் ஒரு பேங்க் மேனேஜர், கிரிக்கெட் என்றால் மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், காபிகூட வரவழைத்தார்.

கடைசியில் பெருங்களத்தூரில் மனை விற்கிற துளசிங்கம் என்பவரிடம் போனோம். ஃபென்சிங் என்று நான் ஆரம்பித்ததுமே, "எத்தினி கிரவுண்டும்மா? கல்லு, கம்பி எல்லாம் நம்ப ஆளுங்களே போட்டுடுவாங்க" என்றார். வேலி இல்லை, வாள் சண்டை என்று புரிய வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சிரித்துவிட்டுக் கொடியைச் செய்து காட்டச் சொன்னார். ஆபீஸ் நடுவில் வாளை நீட்டிக்கொண்டு இரண்டடி முன்னே போனவள் நின்றுவிட்டாள். எதிரில் ஆள் இல்லாமல் இதைக் காட்ட முடியாது சார் என்றாள். அந்த ஆள் எங்கே என்று அவர் கேட்டார். யூனிஸ் நாசரேத்தில் இருக்கிறாள், இடது கைக்காரி, அவளோடு மோதி மோதித்தான் எனக்கு ஆட்டமே வந்தது, இப்போது ஒரு கோணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்திக்கொண்டிருக்கிறேன் என்றாள். நான் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகவில்லை அக்கா, நம்புங்கள்.

துளசிங்கம் கொடியின் வாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஒரு பொண்ணுக்கு மட்டும் குடுத்தா ஒத்தக் கால் செருப்பு வாங்கிக் குடுத்த கணக்கா ஆயிடும்மா. ரெண்டு பேர் செலவும் நம்பளுது. அந்தப் பொண்ண இட்டுகினு வா" என்றார். தாவீது சார் பெயருக்கு மறுநாளே செக் வந்துவிட்டது. பெண்களின் பையில் தன் கம்பெனி பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஸ்கூலில் யூனிஸின் பெயர் இன்னும் ரெஜிஸ்டரில் இருக்கிறது. வந்தால் பரீட்சை எழுதலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடமே சொன்னார். எங்கள் வீட்டில் கொடியோடு படுத்துக்கொள்வாள், நாங்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுவாள்.

யாரிடமும் எதையும் வாங்கி உங்களுக்குப் பழக்கமில்லை. கொடி டைபாய்டில் கிடந்தபோது என் வீட்டில் அடுப்பு மூட்ட விட்டீர்களா? மூன்று வேளையும் உங்கள் வீட்டுச் சோறுதான். அப்போது நான் ஒரு தடவையாவது வேண்டாம் என்றேனா? இப்போது உங்கள் பெண்ணை நான் கேட்கிறேன். தயவுசெய்து மறுக்காதீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை திருநெல்வேலியில் நெல்லை எக்ஸ்பிரஸில் அவளை ஏற்றிவிடுங்கள். சனிக்கிழமை காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் நான் நிற்பேன். உங்களிடமிருந்து பதில் வராவிட்டாலும் நிற்பேன். நீங்களும் அண்ணனும் கூடவே ஏறிவிட்டால் இன்னும் நல்லது. நீங்கள் இருந்த வீட்டுக்கு இதுவரை யாரும் குடி வரவில்லை.

நீங்கள் ஜெபிக்கிற கர்த்தரிடம் நானும் உங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தங்கை,
கனகவல்லி