ஐந்தாவது மாடியில் இறங்குகிறார் உன் அப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், அங்கு நீ நலமா என்று தொடங்குவதுதான் முறை. நானும் சின்னவளும் நலமாக இருக்கிறோம். உன் அப்பாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயந்துவிடாதே. படுக்கையில் கிடக்கவில்லை, நடமாடுகிறார், சாப்பிடுகிறார், செய்தி போட்டால் டிவியைத் திட்டுகிறார். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துவிடுகிறோம், நான் பாதி சொல்லுவதற்குள் அவர் சிரித்து மழுப்பி வேறு பேச்சுக்குப் போய்விடுவார். மெசேஜ் அனுப்பினால் படித்த அடுத்த நிமிடமே நீ அவரைக் கூப்பிட்டு அழுவாய். கடிதம் என்றால் முடிகிறவரையாவது ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பாய். அதனால்தான் மதிய இடைவேளையில், ஆய்வுக்கூடத்து மேசையில் சோதனைக்கு வந்த தண்ணீர்ப் புட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் நான்கு பேரும் போவதாக நீ அனுப்பிய மலைப்பயணத் திட்டத்தை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். எந்த நாள் எந்த விடுதி, எங்கே தொங்கு பாலம், எங்கே கணவாய் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கம். பால் எடுக்கப் போனால்கூட நான் ஒரு கணவாயைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. புது பூட்ஸ் வாங்கியதிலிருந்து அதை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நடக்கிறார், பழக்கினால்தான் காலைக் கடிக்காதாம். சின்னவள் அவரைக் கைடு என்றுதான் கூப்பிடுகிறாள். கல் பட்டறையிலிருந்து வந்ததும் முதுகுப்பையில் என் கல்லூரிப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு படியேறும் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். "உங்கம்மா படிச்ச படிப்புக்கு இப்பதான் ஒரு உபயோகம் கெடைச்சிருக்கு" என்று அன்று உன்னிடமும் போனில் சொன்னாரே. கீழேயிருந்து நம் ஆறாவது மாடிவரை ஏறி வருவதாக ஏற்பாடு. கடைசிப் படிகளில் பூட்ஸ் தடதடவென்று கேட்கும், கதவைத் திறந்தால் வியர்த்து வழிய நிற்பார், வாயால் பேச முடியாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். சின்னவள் கை தட்டுவாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

போன மாதம் ஐந்தாவது மாடித் தையல்காரம்மா லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? சாருக்கு மறதி ஏதாவது இருக்கா? தெனமும் சாயங்காலம் மூட்டையும் முடிச்சுமா லிஃப்டுல வந்து எங்க மாடியில இறங்கிடறார். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கறார். அப்புறம் படியில ஏறிப் போறார். பாவமா இருக்குதுங்க" என்றாள். மறதியெல்லாம் இல்லை, அதுவும் ஒரு பயிற்சிதான் என்று சொல்லி வைத்தேன். சின்னவளிடம் கேட்டால் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "நானும் ஒரு நாள் அதே லிஃப்டுலதான் வந்தேன். நான் அவரைப் பாக்காத மாதிரி இருந்தேன், அவர் என்னைப் பாக்காத மாதிரி இருந்தார். விடேம்மா, தண்ணியில கிருமி தேடற மாதிரி வீட்டுக்குள்ளயும் தேடணுமா" என்று என்னையே கடிந்துகொண்டாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. வாசலில் அவர் நின்ற நிலையைப் பார்த்து ஆறு மாடி ஏறியவர்தானா என்று நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. எதையும் எளிதில் நம்பாத நான் அதை நம்பினேன் என்றால், ஒரே ஒரு மாடி ஏறியதற்கு அவருக்கு அவ்வளவு மூச்சு வாங்கியிருக்கிறது.

மறுநாளே விடுப்புப் போட்டு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் உன் வயதுக்காரி, படபடவென்று பேசாமல் நிதானமாகக் கேட்டாள். எவ்வளவு உயரம் ஏறப் போகிறீர்கள் என்றதற்கு உன் அப்பா பாதி உயரத்தைச் சொன்னார். நான் முழு உயரத்தைச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. இத்தனை வருடம் கல் அறுக்கிற இடத்தில் முகமூடியைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நின்றதன் பலன், நுரையீரலில் தூசி படிந்திருக்கிறது. "படிஞ்சது படிஞ்சதுதான் சார், கழுவி எடுக்க முடியாது. இனிமே படியாம பாத்துக்கலாம். சமதரையில நடங்க, நல்லா நடங்க. அந்த உயரம் மட்டும் வேணாம். அங்க நல்லா இருக்கறவங்களுக்கே காத்து பத்தாது" என்றாள். மெதுவாக ஏறினால் பரவாயில்லையா என்று இவர் கேட்டார். "மெதுவா ஏறினாலும் மலை அதே உயரம்தான் சார்" என்றாள். மருந்தும், வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் குழல் ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அறுக்கும் பக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கம் விற்பனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறேன், பேசுகிறேன் பேசுகிறேன் என்கிறார், இன்னும் முதலாளியிடம் பேசவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "பெரியவகிட்ட மூச்சு விடாத" என்றார். ஏன் என்றேன். "அவ குரல் இப்பதான் திரும்பி வந்திருக்கு, அதை நான் போய்ப் பிடுங்கறதா" என்றார். அவர் சொல்வது உனக்குப் புரியும். கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன அந்தப் பையன் விலகிப் போன பிறகு எத்தனை மாதம் ம், சரி, வெச்சிடறேன் என்ற மூன்று வார்த்தையிலேயே நீ எங்களோடு குடித்தனம் நடத்தினாய். மலையைப் பற்றிப் பேசிய அன்றுதான் ஒரு மணி நேரம் பேசினாய், நடுவில் ஒரு தடவை சிரிக்கவும் செய்தாய். போனை வைத்ததும் உன் அப்பா பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், நான் கூப்பிடவில்லை. இப்போது அவர் போட்டிருக்கும் திட்டத்தைக் கேள். இரண்டு நாள் ஏறிப் பார்ப்பாராம், முடியாவிட்டால் கால் பிசகிவிட்டது என்று ஏதாவது விடுதியில் உட்கார்ந்துகொள்வாராம், நாம் மூன்று பேரும் போய்வர வேண்டுமாம். எந்தக் கால் என்று எரிச்சலில் கேட்டேன். நிஜமாகவே யோசித்துவிட்டு, இடது என்றார். கால் பிசகியவர் எழுந்து வந்துவிடுவார். இது காலா?

நானும் கொஞ்சம் கோணலாகத்தான் யோசித்தேன். பரீட்சை இருக்கிறது, என்னால் வர முடியாது என்று சின்னவளைச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு மற்றதெல்லாம் தெரிந்த பிறகு விளையாட்டுத்தனம் போய்விட்டது. "எல்லாரும் ஆளுக்கொரு பொய் சொல்லியாச்சு, இப்ப என் தலையில கட்டறியா? நான் மாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் சொன்னது சரி. உனக்கே முட்டி வலி என்று சொல்லச் சொல்லி எழுதலாமா என்றுகூட நினைத்தேன், நல்ல வேளை, எழுதவில்லை. அவருடைய சின்ன வயது ஆசை இது என்று நீ என்னிடம் சொன்னாய். அவரைக் கேட்டால் அது உன்னுடைய ஆசை என்கிறார். நீ மலைப்படம் அனுப்பிய அன்று, எனக்கும் சின்ன வயசிலிருந்து ஒரு தடவை இப்படிப் போகணும்னு ஆசை என்று சொன்னாரே, அது நீ சீக்கிரம் போனை வைத்துவிடக் கூடாதே என்று வாயில் வந்ததைச் சொன்னதாம். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். உங்கள் இருவருக்கும் ஆசை என்று நான் தலையாட்டினேன், குளிரும் எனக்கு ஆகாது, உயரத்தில் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றும். யாருக்கும் வேண்டாத மலையில் ஒருவருக்காக ஒருவர் ஏறப் பார்த்தோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. மலை ஏறி இறங்கினால் மனது சரியாகிவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. உன் வருத்தம் வேலை, சமையல், துணி துவைப்பது என்று ஒன்றுமில்லாத நாட்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், எப்போது குறைந்தது என்று உனக்கே தெரியாது. அதற்கு எங்கள் துணை வேண்டுமென்றால் மலை இல்லாமலேயே வருகிறோம்.

படித்ததும் பயணத்தை ரத்து செய்துவிடாதே. தன்னால்தான் கெட்டது என்று வாழ்நாளெல்லாம் முணுமுணுப்பார். அடிவாரத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் முதல் இரண்டு நாள் தங்குவதாகப் போட்டிருந்தாயே, அங்கேயே எல்லா நாளும் அறை எடுக்க முடியுமா பார். நீயும் தங்கையும் வேண்டுமானால் ஒரு கைடோடு மேலே போய் வாருங்கள், நாங்கள் இருவரும் கீழே உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் இதை முடிவாக அவரிடம் சொல்லாதே. முதலில் அவரைக் கேள். டாக்டர் கூடாது என்றாள், நான் முடியாது என்றேன், சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா, உங்களால் முடியுமா என்று அந்த மனிதரை ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. நீ கேட்டால்தான் அதற்கு மதிப்பு. எழுதியதை இன்று மாலையே அவரிடம் சொல்லிவிடுவேன், ஒளித்தால் நானும் அந்த வரிசையில் ஒரு ஆள். கத்துவார், இரண்டு நாள் பேசமாட்டார், பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஜன்னலைத் திறந்து வை, நாள் முழுதும் அறையை அடைத்துக்கொண்டு இருக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், தூக்கம் வர வேண்டும், உன் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பழகிப்போக வேண்டும், என் ஆசீர்வாதம் இவ்வளவுதான். கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. இனி ஞாயிறு காலைகளில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு நான் கடைக்குப் போய்விடுவேன், போனை அவர்தான் எடுப்பார், தனியாக இருப்பார். உங்கம்மாவுக்கு எதிலும் சந்தேகம்தான் என்று ஆரம்பிப்பார், பேச விட்டுவிட்டு மறுபடியும் கேள். பொய் சொன்னால் நம்பிவிடாதே. உண்மையைச் சொன்னால் அழுதுவிடாதே. நீ அழுதால் உடனே முடியும் என்று சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும்
அம்மா