சந்தையில் அரைமணி நேரம்

டிச. 8, திங்கள்

பனி. எதிரே வரும் ஆள் தெரியவில்லை. ஸ்வெட்டர், அதன்மேல் யூனிபார்ம் கோட், கையில் கட்டைப்பை. உழவர் சந்தை. செ. நைட் ஷிப்ட் முடித்து நேரே அங்கே வந்துவிடுவார். என் கம்பெனி வேனும் சந்தை வாசலில்தான் நிற்கும். கல்யாணமாகி ஏழு மாதம். நான் ஓவர்டைம் முடித்து வீடு திரும்பும்போது அவர் ஷூ மாட்டிக்கொண்டிருப்பார். புருஷன் முகத்தை நிதானமாகப் பார்ப்பது இந்த அரைமணி நேரம்தான், அதுவும் கத்தரிக்காய்க்கு நடுவில்.

வாங்கியது: பீன்ஸ் அரை, நூக்கோல் (இலையோடு), தக்காளி, சிறுகீரை. பீன்ஸ் டக்கென்று ஒடிந்தால்தான் எடுப்பேன். செ. ஒவ்வொன்றாக ஒடித்து என் காதருகே காட்டினார். கடைக்காரர் முறைத்தார். சுகமாக இருந்தது.

கீரை விற்கும் நாகம்மாக்காவுக்குப் பாகலூர் பக்கம் தோட்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே மூச்சில் வரும். அவர் எங்களைக் காதலர்கள் என்று நினைத்திருக்கிறார்! கம்பெனியில் என் அசெம்பிளி லைனில் நகை கூடாது. வளையல், மெட்டி எல்லாம் வீட்டில். மஞ்சள் கயிறு கோட்டுக்குள்ளே. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? இன்று ரகசியமாக, “வூட்ல சொல்லிட்டீங்களா கண்ணு? எத்தினி நாளைக்கி இப்பிடி கீரை வாங்கறாப்பல பாத்துக்குவீங்க?”

நான் திருத்தவில்லை. செ.யும்தான். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். இப்போதுதான் காதலிக்கிறோம் போல. இருந்துவிட்டுப் போகட்டும்.

டிச. 9, செவ்வாய்

பனி இல்லை, குளிர் மட்டும். உதடு வெடிப்பு. வெண்ணெய் வாங்க மறந்தாச்சு.

அவரைக்காய் பொறுக்கிக்கொண்டே செ. சொன்னார். குஜராத்தில் அவர் கம்பெனியின் புது பிளான்ட். இரண்டு வருஷம். சூப்பர்வைசர் போஸ்ட். பேச்சிலர் ரூம்தான் தருவார்கள், குடும்பம் கூடாது. நாளன்னிக்கு ராத்திரிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“நீ என்னா சொல்றே?”

“நல்ல சான்ஸ்தானே. போயிட்டு வாங்க.”

வாய் தானாகச் சொன்னது. வேன் ஹாரன் அடித்தது, ஓடினேன். நல்ல பெண்டாட்டி மாதிரி பேசிவிட்டேனாம். கழுதை.

மதியம் சோறு இறங்கவில்லை. கேட்டவர்களிடம் பல்வலி என்றேன்.

டிச. 10, புதன்

தூறல். கொத்தமல்லி மலிவு, வாசலிலேயே மணம். மனசு கெட்டுக் கிடந்தாலும் மூக்கு தன் வேலையைப் பார்க்கிறது.

இன்று நாங்கள் பேசியது மொத்தமும்:

கோஸ் சின்னதா, பெரிசா?

சின்னது.

கொத்தவரங்காய் உனக்குப் புடிக்குமே, கால் கிலோ போடச் சொல்லட்டுமா?

சரி.

குஜராத்தில் இவருக்கு யார் காய் வாங்குவார்கள்? வெண்டைக்காயில் முற்றல் பார்க்கத் தெரியாத ஆள். வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

டிச. 11, வியாழன்

சந்தையில் ரகளை.

கீரைக் கடை முன்னால் நிற்கும்போது செ.க்கு போன். “குஜராத்து விசயம்தானே சார்? ராத்திரி வந்து சொல்லிடறேன்.” நாகம்மாக்கா காதில் விழுந்துவிட்டது. கையிலிருந்த கீரைக்கட்டைப் பொத்தென்று போட்டார்.

“ஏம்ப்பா, இந்தப் பொண்ணை இங்க நிக்க வெச்சிட்டு நீ குஜராத்துக்கு ஓடறியா? கட்டிக்கிறேன்னு சொல்லி ஏமாத்தறியா?”

எதிர்க்கடை, பக்கத்துக் கடை எல்லாம் திரும்பின. ஒருவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார். செ. வெலவெலத்துப் போய், கையில் வாழைப்பூவோடு. அடி விழுந்துவிடுமோ என்று பயம். கோட்டுக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை இழுத்துக் காட்டினேன்.

“கட்டிட்டாருக்கா! இவரு என் வீட்டுக்காரரு!”

அக்கா என்னையும் கயிற்றையும் பார்த்தார். “அப்ப போவாதன்னு நீ சொல்ல வேண்டிதுதானே? வாயில என்னா கொழுக்கட்டையா?”

சிரிக்கத்தான் போனேன். அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால், செ. சட்டையைப் பிடித்துக்கொண்டு, “போகாதீங்க. நீங்க இல்லாம என்னால முடியாது.”

வாழைப்பூவைக் கீழே வைத்தார். “அன்னிக்கே கேட்டனே. நீதான் போயிட்டு வாங்கன்னே. நான் இல்லன்னா உனக்கு ஒண்ணும் இல்லியாட்டம் இருக்குதுன்னு...”

வேன் போய்விட்டது. பஸ்ஸில் போனேன். லேட், திட்டு. பரவாயில்லை.

டிச. 12, வெள்ளி

மறுபடி பனி. ராத்திரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். “பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கியே” என்றாராம் மேனேஜர். போஸ்ட் இன்னொருவருக்கு. செ.க்கு வருத்தம் இருக்கிறது, முகத்தில் தெரிகிறது. எனக்கும் இருக்கிறது. ஆனால் சந்தோஷம்தான் அதிகம், பொய் சொல்ல முடியாது. கேரட் கடை முன்னால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எலுமிச்சம்பழக்காரர், “புது மாப்ள, ஓரமா நில்லு” என்றார்.

டிச. 14, ஞாயிறு

நல்ல வெயில். இரண்டு பேருக்கும் லீவு. ஹாரன் பயமில்லாமல் சந்தையை இரண்டு சுற்று. பச்சை மொச்சை, கொய்யா, ஒரு கட்டு பட்டன் ரோஸ் (தேவையில்லை, வாங்கினேன்).

மத்தியானம். செ. தூங்குகிறார், லேசான குறட்டை. செவ்வாய்க்கிழமை ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்கிறேன். அப்பா துபாய் போனபோது அம்மா சிரித்துக்கொண்டே பெட்டி கட்டினாள். அதற்கப்புறம் எத்தனையோ நாள் அடுப்படியில் அவள்

முழித்துக்கொண்டார். மீதியை அவரிடமே.